எலும்பில்லாத தட்டு

நாரின், ஜூன் 4

ஜூமார்ட்டுக்கு அக்கா எழுதுவது.

கோபித்துக்கொண்டு போகிறவன்கூடத் தன் ஊன்றுகோலை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போவான். நீ அதையும் என் வீட்டுக் கதவோரத்தில் சாத்திவிட்டு மந்தையோடு மலைக்கு ஏறிவிட்டாய். மாவு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தன் பக்கத்தில் அதற்குத் தனி இருக்கை கொடுத்திருப்பதாக அவர் கிண்டல் செய்கிறார். மேய்ச்சல் வெளியில் கைபேசி எடுக்காது என்பது உனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் கடிதத்தை என்ன செய்வாய்? அடுப்பில் போட்டாலும் படித்துவிட்டுத்தான் போடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

அப்படி என்ன நடந்துவிட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீட்டுக்குள் முடங்கியவர்களைத் தேடி வாசல் வாசலாகப் போகிற எங்கள் வாசல் குழு ஆரம்பித்த பிறகு நடத்திய முதல் பெரிய விருந்து அது. ஆஃப்கான் போருக்குப் போய் வந்த பெரியவர்கள், தீயணைப்பு நிலையத்துக்காரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், கணவாயில் பனி தோண்டும் உங்கள் மீட்புப் படை, இவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். ஊரில் இத்தனை பேர் நமக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று ஊருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்தோம். தரையில் காலை மடக்கி உட்காருவது உனக்குக் கஷ்டம் என்று நாற்காலி போட்டோம். மடியில் தட்டை வைத்துக்கொண்டு கத்தியோடும் எலும்போடும் மல்லுக்கட்ட வேண்டாமே என்று, இருப்பதிலேயே மெத்தென்ற கறியாகப் பார்த்து எடுத்து, நானே எலும்பு நீக்கி, சின்னச் சின்னதாக அரிந்து கொடுத்தனுப்பினேன். நீ தட்டைப் பார்த்தாய். அதை நாற்காலியில் வைத்தாய். எழுந்து போய்விட்டாய். அத்தனை பேருக்கு முன்னால் என் முகத்தை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது?

சரி, அது கிடக்கட்டும். உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். எர்மெக்கைப் பற்றியது. நீ பனிக்குள் புதைந்த அன்று வண்டி ஓட்டி உன்னைத் தோண்டி எடுத்த அதே எர்மெக்தான். வேலையை விட்டுவிட்டான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். போன வாரம் அவன் மனைவி துமார் என் வீட்டுக்கு வந்தாள். கம்பளத்தில் சுற்றி எதையோ தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிரித்தால் அவனுடைய வேட்டைத் துப்பாக்கி. "அக்கா, இது இங்கயே இருக்கட்டும். எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். மாவுப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நாங்கள் போய்க் கொட்டகைக் கதவைத் தட்டினோம். திறக்கவில்லை. பெண்கள் தட்டினால் இந்த ஆண்பிள்ளைகள் திறக்க மாட்டார்கள். நீ தட்டினால் திறப்பான். இறங்கி வா.

சாய்கல்


கோக்-சாய் மேய்ச்சல் வெளி, ஜூன் 12

அக்கா,

ஊன்றுகோல் வந்து சேர்ந்தது. கூடாரத்துக் கயிற்றை முட்டுக்கொடுக்க ஒரு கழி தேவைப்பட்டது. அதற்கு வைத்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று விளங்கவில்லை என்கிறாய். நீ கிர்கீஸ் வீட்டில்தானே பிறந்தாய்? நம் வீட்டில் ஆடு வெட்டினால் யாருக்கு எந்த எலும்பு என்று ஆறு வயதுப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாளே. மூத்தவருக்கு இடுப்பெலும்பு, அடுத்தவருக்குக் கால் எலும்பு, வந்த மருமகனுக்கு நெஞ்செலும்பு. தட்டில் விழும் எலும்புதான் ஒருவன் சபையில் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்வது. அன்றைக்கு இடுப்பெலும்பு யாருக்குப் போனது? தலைநகரத்திலிருந்து வந்த அந்த அதிகாரிக்கு. பனிச்சரிவை டிவியில் பார்த்தவருக்கு. சரி, விருந்தாளி, பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு என்ன வந்தது? பல் போன கிழவனுக்கும் படுக்கையில் கிடக்கிற சீக்காளிக்கும் கொடுப்பதுபோல அரிந்த கறி. ஓர் எலும்புத் துண்டுகூட இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர், நேற்றுச் சேர்ந்தவன், அவனுக்கு முன்னங்கால். அவன் என் தட்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் என் ஒரு கால் எலும்பைத்தான் எடுத்தார்கள். மீதி எலும்பையெல்லாம் நீ எடுத்துவிட்டாய்.

எர்மெக் விஷயத்துக்கு வருகிறேன். பனி அள்ளும் வண்டியின் இரும்பு வாளி பட்டுத்தான் என் கால் போனது என்பது ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை. மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தால் மூச்சு நின்று, இரண்டு காலோடு நன்றாகப் புதைத்திருப்பார்கள். என் கோபம் வேறு. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் எட்டிப் பார்த்தானா? பன்னிரண்டு குளிர்காலம் ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் வாசலுக்கு நான் போவேனா? வேறு ஆளைப் பார்.

ஜூமார்ட்


நாரின், ஜூன் 20

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்கு வீம்பு தலைக்கேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்குச் சரியான பதில் எழுதக் காகிதமும் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து தோக்தோசுன் அண்ணன் வந்தார். ஆஃப்கானில் ஒரு கையை விட்டுவிட்டு வந்த மனிதர், எங்கள் குழுவில் பெண்களுக்கு நடுவில் இருக்கிற ஒரே ஆண்பிள்ளை. நியாயம் கேட்கலாம் என்று உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் டீக்கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "எனக்கு ஒத்தைக் கை. என் தட்டுல எலும்பு இருந்துச்சு, முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டுக் கடிச்சேன். அவன் தட்டுல இருந்து எலும்பை எடுத்தது யாரும்மா?"

நான்தான் என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

என் தப்புதான். போதுமா? உன்னைத் தூக்கிச் சுமந்த கை இது, அந்தப் பழக்கத்தில் அரிந்துவிட்டது. இனி இந்தக் கை யாருடைய எலும்பையும் எடுக்காது.

இப்போது எர்மெக் கதையைக் கேள். நீ சொன்ன அதே கோபம் எனக்கும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கொட்டகை வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. என் தம்பி காலை எடுத்தவன் வீட்டு வாசலில் நான் ரொட்டியோடு நிற்கிறேனே என்று. ஆனாலும் நின்றேன். வாசல் குழு என்று பெயர் வைத்துவிட்டு, பிடித்த வாசலுக்கு மட்டும் போவது என்ன வேலை?

நேற்று துமார் பேசினாள். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் தினமும் கணவாய்க்குத்தான் போயிருக்கிறான். பனி உருகும்வரை அந்தச் சரிவிலேயே தேடிக்கொண்டிருந்தானாம். கடைசியில் கிடைத்துவிட்டது. அன்று பனிக்குள் கழன்றுபோன உன் இடது கால் பூட்ஸ். எடுத்து வந்து, காயவைத்து, ஆட்டுக்கொழுப்பு தடவித் தடவி, தோலைப் புதுசு மாதிரி ஆக்கியிருக்கிறான். அதை உன்னிடம் எடுத்துக்கொண்டு வரக் கிளம்பி, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, திரும்பிவிட்டானாம். "கால் இல்லாதவன்கிட்ட பூட்ஸைக் கொண்டு போய் எந்த முகத்தோட குடுப்பேன்" என்று கேட்டானாம். அது இப்போதும் கொட்டகையில் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. துமார் அதைப் பார்க்கப் பயப்படுகிறாள்.

இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். துப்பாக்கி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. ஆனால் மலையில் கயிறும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. எல்லாவற்றையும் துமார் கம்பளத்தில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

அக்கா


கோக்-சாய், ஜூன் 28

அக்கா,

அந்த பூட்ஸின் கட்டைவிரல் பக்கம் தையல் விட்டு, நானே செம்மறித்தோல் வைத்துத் தைத்திருந்தேன். அந்தத் தையல் இருக்கிறதா என்று துமாரிடம் கேள். வேண்டாம், கேட்காதே. அதைப் பற்றி யாரிடமும் பேசாதே.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. என் குதிரைக்கு வலது பக்கமாக ஏறுவதைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இடது காலைச் சேணத்து வளையத்தில் வைத்து ஏற இனி முடியாது இல்லையா. முதல் வாரம் அது என்னை மதிக்கவே இல்லை, ஏறப் போனால் வட்டமடித்துச் சுற்றும். நான் விழ, சிர்கா பால் வாளியோடு நின்று சிரிக்க, அதையே வேடிக்கையாகப் பார்த்தார்கள் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள். கட்டின மனைவி இப்படிச் சிரித்தால் குதிரை எப்படி மதிக்கும்? இப்போது நிற்கிறது. நேற்று நானே ஏறி ஆறுவரை போய் வந்தேன். யாரும் தூக்கிவிடவில்லை.

கட்டைக்காலுக்குப் பழைய ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன். வலது காலில் நல்ல பூட்ஸ், இடதில் செருப்பு. பார்க்கச் சகிக்கவில்லை என்கிறாள் சிர்கா.

நான் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூமார்ட்


நாரின், ஜூலை 7

தம்பி,

வருகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் வந்தாய். வந்தவன் அக்கா வீட்டில் ஒரு வாய் டீ குடித்தாயா? நான் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஊரே ஓடி வந்து சொல்கிறது, உன் தம்பி குதிரையில் வந்தான், உன் தம்பி குதிரையில் போனான் என்று. நான் ஓடி வருவதற்குள் புழுதிகூட அடங்கிவிட்டது.

நடந்ததைத் துமார் வாயால்தான் கேட்டேன். நீயாகச் சொல்லப் போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. நீ குதிரையை விட்டு இறங்கவே இல்லையாம். கொட்டகைக்கு முன்னால் சேணத்தில் உட்கார்ந்தபடி, எப்படி இருக்கே, சாப்பிட்டியா, மனசைத் தேத்திக்கோ, இந்த மாதிரி நாங்கள் வாரக்கணக்கில் சொல்லி அலுத்த எதையும் சொல்லாமல், கடன்காரன் மாதிரி கூப்பிட்டாயாம். "எர்மெக்! என் பூட்ஸ் உன்கிட்ட இருக்காமே. எடுத்துட்டு வா. ஒத்தைச் செருப்போட திரியறேன், ஊரு சிரிக்குது."

கதவு திறந்ததாம். நாங்கள் தேனும் ரொட்டியும் வெண்ணெயும் வைத்துக்கொண்டு நின்ற கதவு. நீ போய் எடுத்து வா என்று அதட்டியதும் திறந்தது. நாங்கள் அவனுக்குக் கொடுக்கவே போனோம். அவனிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லையே.

தாடியும் பரட்டையுமாக அவன் பூட்ஸை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தான் என்றாள். அவனே உன் கட்டைக்காலில் மாட்டிவிட்டான் என்றாள். கயிறு கட்டும்போது அவன் விரல் முடிச்சுப் போட வராமல் தடுமாற, நீ மேலே இருந்து இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று சத்தம் போட்டாயாம். பிறகு, வேலி போட ஆள் இல்லை, வந்து சேர் என்று சொல்லி, அவனுடைய குதிரையையும் அவிழ்க்கச் சொல்லி, கூட்டிக்கொண்டே போய்விட்டாய்.

துமார் சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லி முடித்ததும் பயந்துவிட்டாள். அங்கே சாப்பிடுகிறானா, பேசுகிறானா, ஆற்றுப் பக்கம் தனியாகப் போகிறானா என்று கேட்கச் சொன்னாள். மறைக்காமல் எழுது.

என் தம்பி என்று இன்றைக்குச் சந்தையில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். வெங்காயக்காரிக்கு ஏற்கெனவே தெரியும், அவளிடமும் சொன்னேன்.

அக்கா


கோக்-சாய், ஜூலை 21

அக்கா,

லாரி தாமதமானதால் கடிதமும் தாமதம். லாரி ஏன் தாமதம் என்பதுதான் கடிதத்தில் எழுத வேண்டிய விஷயம்.

முதலில் துமாருக்கு. சாப்பிடுகிறான். முதலில் கொறித்தான், இப்போது சிர்கா கேட்காமலே இரண்டாவது கிண்ணம் நிரப்புகிறாள். பேச்சு இல்லை. வேலி அடிப்பான், தண்ணீர் சுமப்பான், குதிரைப்பால் கடைவான், உட்கார்ந்து மலையைப் பார்ப்பான். கல்லுளிமங்கன் என்பார்களே, அது. ஆற்றுக்கு நாங்கள் சேர்ந்தே போகிறோம். எனக்குக் கால் வழுக்கும், கூட வா என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் வழுக்குவதில்லை. அவனுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன், ஆனாலும் வருகிறான்.

அந்த மழை நாளில் நடந்ததைச் சொல்கிறேன். ஆற்றைக் கடக்கும்போது மாவு லாரி நடு ஓட்டத்தில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் கூரை மேல் ஏறி நின்று கத்துகிறார், மாவுக்காகக் கத்துகிறாரா உயிருக்காகக் கத்துகிறாரா என்று தெரியவில்லை. மேய்ச்சல்காரர்களுக்குப் பொதுவாக முன்னால் வாளி வைத்த ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது, கல் அள்ளுவதற்கு. அதை ஆற்றில் இறக்கத் தெரிந்தவன் இங்கே ஒருவன்தான். நான் எர்மெக்கைப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். என்னால முடியாது, அந்த வாளி எனக்கு வேண்டாம் என்றான். வந்து சேர்ந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை. இடுப்புவரை தண்ணீரில் இறங்கிப் போய் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டேன், வாளி வந்து நிற்க வேண்டிய இடத்தில். அங்கிருந்து கையைக் காட்டினேன், கணவாயில் எப்போதும் காட்டுவதுபோல, வா, வா, இடது, வா. அப்போதும் அவன் நகரவில்லை. "நீ வர்றவரைக்கும் நான் இங்கதான்டா நிப்பேன்" என்று கத்தினேன். தண்ணீர் எப்படிச் சில்லிட்டது என்று உனக்கு என்ன தெரியும். கட்டைக்காலுக்குக் குளிர் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

வந்தான் அக்கா. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாளியின் விளிம்பு என் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அப்படியே நின்றது, ஆடவில்லை. இந்த மலையில் அவன் மாதிரி வண்டி பிடிக்கிறவன் யாரும் இல்லை, நான் புதைந்த அன்றைக்கும் இல்லை. சங்கிலியை மாட்டினேன். லாரி வெளியே வந்தது. மாவில் பாதி பசையாகிவிட்டது.

கரையேறின பிறகு அவன் டிராக்டரை விட்டு இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் பல் தந்தியடித்தது. சிர்கா அங்கேயே டீ கொண்டு வந்தாள்.

குணமாகிவிட்டான் என்று துமாரிடம் சொல்லாதே. நேற்று மறுபடி ஒரு நாள் முழுக்கப் படுத்தே இருந்தான். ஆனால் இன்று டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்கிறான், அதைச் செய் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூமார்ட்


நாரின், ஆகஸ்ட் 6

ஜூமார்ட்,

உன் கடிதத்தைத் துமாருக்குப் படித்துக் காட்டினேன். வாளி உன் நெஞ்சுக்கு முன்னால் வந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டவள் முடிகிறவரை விடவில்லை. பிறகு, எண்ணெய் மாற்றினான் என்ற வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அதில்தான் அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீரில் இறங்கி நின்றதற்கு உன்னைத் திட்ட வேண்டும், அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே குழு வளர்ந்துவிட்டது. தீயணைப்பு நிலையத்தில் சைரன் ஊதினால் முன்பெல்லாம் ஒவ்வொருத்தியும் தன் தன் வீட்டு ஜன்னலில் தனியாக நின்றுகொண்டிருப்போம். இப்போது சைரன் கேட்டதும் எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். கை சும்மா இருக்கக் கூடாது, மாவு பிசைய வேண்டும். வண்டி திரும்புகிறவரை பொரித்த ரொட்டி மலையாகக் குவியும். என் வீட்டுக்காரர் புகை நாற்றத்தோடு உள்ளே நுழைந்து அதைப் பார்த்தால், இன்றைக்குத் தீ பெரிதா, ரொட்டி பெரிதா என்று கேட்பார். பயம் போய்விடவில்லை. ஆனால் பகிர்ந்து பயப்படுகிறோம், அதுவே எவ்வளவோ.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மலையிலிருந்து இறங்குவதற்கு முன் அங்கேயே ஒரு விருந்து வைக்கலாம் என்கிறார் தோக்தோசுன் அண்ணன். அவரே ஆடு கொண்டு வருவாராம். மீட்புப் படையில் பணி இல்லாதவர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், எல்லோரும் ஏறி வருகிறார்கள். மேடை கிடையாது, அதிகாரி கிடையாது, போட்டோ கிடையாது. கறியைப் பங்கு வைக்கப் போவது யார் என்று கேட்டேன். அண்ணன், கத்தியைப் பிடிக்கத்தான் அந்தப் பயலைக் கூப்பிடப் போறேன் என்றார். அந்தப் பயல் நீதான்.

நான் கண்டிப்பாக வருவேன். எனக்கு எந்த எலும்பு என்று இப்போதே யோசித்து வை. அரிந்த கறி வைத்தால் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விடுவேன், ஆமாம்.

அக்கா


கோக்-சாய், ஆகஸ்ட் 26

அக்கா,

நீ வரவில்லை. காத்திருந்தோம், தண்ணீர் கொதித்து வற்றி மறுபடி ஊற்றினோம். பிறகுதான் கடைசி ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள், நீ வண்டியில் ஏறக் கால் வைத்தபோது சைரன் ஊதியது, மரக்கடையில் தீ, நீ இறங்கி வீட்டுக்கு ஓடி அடுப்பைப் பற்றவைத்துவிட்டாய் என்று. சட்டம் போட்டவளே அதை மீறலாமா, சரிதான். மச்சான் நல்லபடியாகத் திரும்பினார் என்று இன்று காலைதான் தெரிந்தது. தீயணைப்பு நிலையத்து இளைய பையன் தாலாய்க்குக் கை வெந்துவிட்டதாமே. எப்படி இருக்கிறான், எழுது.

நீ பார்க்காததை நான் சொல்ல வேண்டும், எனக்குச் சொல்ல வராது, முயற்சி செய்கிறேன்.

வெந்த ஆட்டை இறக்கி வைத்ததும் தோக்தோசுன் அண்ணன் தன் கத்தியை உருவி, பிடிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். சபையில் வயதில் என்னைவிடப் பெரியவர்கள் பலர் இருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. தரையில் உட்கார என்னால் முடியும் அக்கா, இடது காலை நீட்டிக்கொண்டால் போதும், இதை நீ கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன். கம்பளத்தில் பூட்ஸ் வேண்டாமே என்று கழற்றப் போனேன். இன்னைக்கு அது இருக்கட்டும் என்றார் அண்ணன். பூட்ஸோடு கட்டைக்காலை நீட்டிக்கொண்டு, ஆட்டை மூட்டு மூட்டாகப் பிரித்தேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் எலும்பு. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு அவனுடைய முன்னங்கால். ஒருவரையும் விடவில்லை.

எர்மெக் வாசல் பக்கமாக, கடைசியில், வெளியே போகத் தோதாக உட்கார்ந்திருந்தான். கணவாயில் இருந்த எல்லோரும் அங்கே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்த, ஒருவரும் பேசாத அந்த விஷயம் கூடாரத்துக்குள் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை எடுத்தேன். நல்ல சதையோடு இருந்தது, அவன் வயதுக்கு ஒரு படி மேலான பங்கு. எட்டி அவன் முன்னால் வைத்தேன்.

"எர்மெக், இந்தா. என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு வாங்கிட்ட, இது ரெண்டாவது. ஜோடி சேந்துடுச்சு, இனிமே கேக்காத" என்றேன்.

சொல்லிவிட்டேனே என்று எனக்கே உள்ளுக்குள் திக்கென்றது. அவன் எலும்பைப் பார்த்தான், என் பூட்ஸைப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. தோக்தோசுன் அண்ணன் தன் வெறும் சட்டைக்கையை ஆட்டிக்கொண்டு, "ஏம்ப்பா, கை எதுவும் மிச்சம் இருக்கா, எனக்கும் ஜோடி சேரணும்" என்றார். அவ்வளவுதான், கூடாரமே சரிந்து விழும்போல ஆகிவிட்டது. வெளியே குதிரைகள் மிரண்டன. எர்மெக் அந்த எலும்பைக் கடித்து, சுரண்டி, வெள்ளைவெளேரென்று ஆக்கிவிட்டுத்தான் கீழே வைத்தான். சிரித்து முடித்த பிறகு அந்த நாளைப் பற்றிப் பேசினான், எல்லோருக்கும் முன்னால், முதல் தடவையாக. என்ன பேசினான் என்பதை எழுத மாட்டேன், அது அந்தக் கூடாரத்துக்குள் இருந்தவர்களுடையது.

இடுப்பெலும்பை யாருக்கும் வைக்கவில்லை. அது உனக்கு. துணியில் சுற்றி லாரியில் அனுப்பியிருக்கிறேன். அதைப் பொம்பளைக்கு எப்படி வைப்பது, உலகத்தில் இல்லாத வழக்கம் என்று இரண்டு பெரியவர்கள் முனகினார்கள். கத்தி யார் கையில் இருக்கு என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள்.

உன் தம்பி ஜூமார்ட்


நாரின், செப்டம்பர் 7

என் தம்பி ஜூமார்ட்டுக்கு,

இடுப்பெலும்பு வந்தது. லாரிக்காரர் அதைச் சும்மா கொடுக்கவில்லை, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தெரு முனையிலிருந்தே நடந்து வந்து கொடுத்தார். என் வீட்டுக்காரரை எதிரில் உட்காரவைத்துச் சாப்பிட்டேன். அவர் கை நீட்டினார், தட்டிவிட்டேன். பிறகு மனது கேட்காமல், சைரன் கேட்டு மாவு பிசைய வந்த ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, அந்த எலும்பிலிருந்தே அரிந்து ஒரு வாய் கொடுத்தேன். பங்கு என்னுடையது, பெருமை எங்கள் எல்லோருடையதும். எலும்பைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான்.

தாலாயைப் பற்றிக் கேட்டிருந்தாய். மரக்கடைக் காவலாளியை வெளியே இழுத்து வந்தது அவன்தான். காவலாளி பிழைத்துக்கொண்டார். தாலாய்க்கு இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன், இனி இந்தக் கை தண்ணீர்க் குழாயைப் பிடிக்குமா என்று ஒரே ஒரு தடவை கேட்டானாம், பிறகு அறையைச் சாத்திக்கொண்டான். நாங்கள் போனோம். தட்டினோம். உனக்குத் தெரிந்த கதைதான்.

முந்தாநாள் எர்மெக் உப்பு வாங்க ஊருக்கு இறங்கினான். துமாரைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். துப்பாக்கியைக் கேட்கத்தான் வந்தானோ என்று எனக்கு ஒரு நிமிடம் பகீரென்றது. அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மாவுப் பெட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது இங்கயே இருக்கட்டும் அக்கா என்றான். பிறகு, தாலாய் வீடு எது என்று கேட்டான், நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அவர்கள் வீட்டிலும் ஆடு வெட்டியிருந்தார்கள். பெண்கள் தாலாய்க்குத் தட்டு தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கத்தியை எடுத்தாள். பாவம், ரெண்டு கையும் கட்டு, எப்படி எலும்பைப் பிடிப்பான், அரிஞ்சு குடுத்துடுவோம் என்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். நல்ல கால் எலும்பாகப் பார்த்து, முழுசாக, சதையோடு தட்டில் வைத்து எர்மெக் கையில் கொடுத்தேன்.

அவன் கதவை மெதுவாகத் தட்டவில்லை. பூட்ஸ் காலால் ஓர் உதை. "தாலாய், கதவைத் தொற. நான் பனி வண்டி ஓட்டற எர்மெக். தட்டு சுடுது, வாங்கிக்க" என்றான். அவன் எப்படி வாங்குவான், கையில் கட்டாயிற்றே என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே தடதடவென்று சத்தம். தாலாய் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தான்.

இரண்டு பேரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ கொண்டு போகிற சாக்கில் தாலாயின் தாயை அனுப்பினேன். அவள் கிண்ணத்தோடு அப்படியே திரும்பி வந்தாள், கண் நிறைந்திருந்தது. என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டேன்.

எலும்பின் ஒரு முனையை எர்மெக் பிடித்துக்கொண்டிருக்கிறானாம். மறு முனையைத் தாலாய் கடித்துக்கொண்டிருக்கிறானாம்.

அக்கா சாய்கல்